போன் அடிக்காத அலங்காரக் கடை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

ஆர்டர் இல்லை என்றதும் பலரும் முதலில் செய்வது விசிட்டிங் கார்டை மாற்றுவது. இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் ஆயிரம் ரூபாய்க்கு பூஸ்ட் போடுவது. சீரியல் செட்டில் எந்த பல்பு போனது என்று பார்க்காமல் செட்டையே தூக்கிப் போடுகிற கதைதான் இது. விசாரணையே வரவில்லையா, வந்தது படியவில்லையா, படிந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பேச்சு போகவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மாவட்டத் தலைநகர் அளவுள்ள ஊரில், மூன்று நான்கு பேர் குழுவாக, 15,000 முதல் 60,000 ரூபாய் வரையிலான கல்யாண மேடை அலங்காரம் எடுத்துச் செய்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. போட்டோ, மேக்கப், சமையல் ஆர்டர் எடுப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு

40 பக்க நோட்டு போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: போன் வந்த தேதி, முகூர்த்தத் தேதி, மண்டபம், யார் சொல்லி வந்தார்கள், என்ன ஆனது. கடந்த 60 நாள் கால் லிஸ்டையும் வாட்ஸ்அப்பையும் புரட்டி நிரப்பினால் ஒரு சாயங்கால வேலை. மிஸ்டு கால் ஆனவற்றையும் தனியாக எழுதுங்கள்; அதில்தான் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

மொத்த விசாரணை மாதத்துக்கு ஐந்துக்குக் கீழே என்றால் அறிகுறி 1, 2 பாருங்கள். இருபது வந்து ஒன்றுதான் படிகிறது என்றால் நேரே 3க்குப் போங்கள். 'யார் சொல்லி' என்ற கட்டத்தில் பழைய பார்ட்டியின் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் கடைசி இரண்டு பகுதிகள் உங்களுக்கு.

அறிகுறி 1: மாதம் நாலு விசாரணைகூட வருவதில்லை

உங்கள் போனில் தேடிப் பார்க்காதீர்கள். அது உங்களை அறிந்த போன். உங்கள் கடையை முதலில்தான் காட்டும். பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கி, ஊர்ப் பெயரோடு 'ஸ்டேஜ் டெக்கரேஷன்', 'கல்யாண மேடை அலங்காரம்' என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள். மேப்பில் வருகிற முதல் சில பெயர்களில் நீங்கள் இல்லையென்றால் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். யாராவது போன் செய்து 'மேப்பில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம், 5,000 கட்டுங்கள்' என்றால் வைத்துவிடுங்கள். முதலிடத்தை கூகுள் யாருக்கும் விற்பதில்லை. தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், உங்களுக்கு இருக்கிற பெயர், இந்த மூன்றை வைத்துத்தான் அது வரிசைப்படுத்துகிறது.

பெயர் போடும் இடத்தில் போர்டில் உள்ள பெயர் மட்டும் இருக்கட்டும். 'ஸ்ரீ முருகன் டெக்கரேட்டர்ஸ் பெஸ்ட் வெட்டிங் ஸ்டேஜ் லோ காஸ்ட்' என்று வால் நீட்டினால் புரொஃபைலையே முடக்கிவிடவும் கூடும். திரும்ப வாங்க வாரக்கணக்கில் அலைய நேரும். வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கல்யாணம் சார்ந்ததை முதன்மையாக வையுங்கள், நிகழ்ச்சி ஏற்பாடு போன்றவை துணை வகையாக இருக்கட்டும். வீட்டிலிருந்தே தொழில் செய்பவர் முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் ஊர்களை மட்டும் சேர்க்கலாம். 20 இடம் வரை ஏற்கும். 20 இருக்கிறதே என்று சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போடுவதில் பயன் இல்லை. தூரம் கூடக் கூட நீங்கள் கண்ணில் படுவது குறையும்.

கடை உங்களுடையதுதானா என்ற சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெருப் பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடை போர்டு, உங்கள் குடோன் கதவைச் சாவி போட்டுத் திறப்பது, உள்ளே இரும்பு ஃபிரேம், துணி மூட்டை, லைட் பெட்டி, பெயர் எழுதிய பில் புக். பலருக்கு நிராகரிக்கப்படுவது தெருவைக் காட்டாமல் நேரே குடோனுக்குள் தொடங்குவதால்தான்.

இது முடிந்தால் கோளாறில் பாதிதான் சரியானது. சின்ன ஊரில் மறுபாதி மனிதர்கள் வழியாக நடக்கிறது. ஒரு கல்யாண வீடு எந்த வரிசையில் யாரைப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜோசியர் நாள் குறிக்கிறார், உடனே மண்டபம், பிறகு சமையல் மாஸ்டர், பட்டு, நகை, ஆரி பிளவுஸ் தைப்பவர், மேக்கப், பத்திரிகை. மேடை அலங்காரம் இந்தக் கூட்டத்தில் எங்கோ நடுவில் வருகிறது. ஆக உங்களுக்கு முன்னால் அந்த வீட்டைச் சந்திக்கிறவர்கள்தான் உங்களுக்கு ஆள் அனுப்ப முடியும். பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ் போன்றவர்கள் நண்பர்களாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் உங்களோடு சேர்ந்தோ உங்களுக்குப் பிறகோ வருபவர்கள்.

உழைப்பை மூன்று இடத்தில் குவியுங்கள்: மண்டப மேனேஜர், பிரைடல் மேக்கப் செய்பவர், ஆரி வொர்க் தைக்கும் கடை. கடைசிப் பெயரைப் பலர் யோசிப்பதே இல்லை. கல்யாணப் பெண்ணும் அம்மாவும் அளவு கொடுக்க, டிசைன் பார்க்க, போட்டுப் பார்க்க என்று மூன்று நான்கு முறை வந்து உட்காருகிற இடம் அது. பேச்சு தானாக மேடைக்கு வரும், ஏனென்றால் புடவை நிறத்துக்கு மேடை நிறம் பொருந்த வேண்டும். அங்கே கார்டு கட்டை வைத்துவிட்டு வருவதை விட, புடவை நிறம் வாரியாக எட்டு மேடைப் படங்கள் கொண்ட லேமினேட் செய்த ஒரு தாளைக் கொடுங்கள்: அரக்குக்கு எது, மாம்பழ மஞ்சளுக்கு எது, ராமர் பச்சைக்கு எது என்று. கடைக்காரருக்கே அது வேலைக்கு உதவுவதால் மேசை மேல் இருக்கும். கார்டு என்றால் டிராயருக்குள் போய்விடும்.

அறிகுறி 2: மேப்பில் பேர் வருகிறது, ஆனால் யாரும் கூப்பிடவில்லை

படங்களைப் பாருங்கள். ஊதா, பச்சை என்று கலர் லைட் அடித்து எடுத்த படங்களில் பூவின் நிறமே தெரியாது. வரவேற்பு அன்று மாலை 5:30க்கும் 6க்கும் இடையில், விருந்தினர் வருவதற்கு முன், கலர் லைட்டை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கை மட்டும் வைத்து எடுங்கள். நடு வழியில் நின்று, சுமார் 20 அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், ஜூம் செய்யாமல் ஒன்று. மணமக்கள் இருக்கையின் அருகே ஒன்று. நுழைவாயில் ஒன்று. ஒரு வேலைக்கு இந்த மூன்று போதும். மணமக்கள் முகம் தெரியும் படத்தை அவர்களைக் கேட்காமல் போடக் கூடாது.

இணையத்தில் எடுத்த வடநாட்டு மண்டபப் படங்கள் உங்கள் புரொஃபைலில் இருந்தால் இன்றே நீக்குங்கள். பார்ப்பவருக்கு அது உங்கள் வேலை இல்லை என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அதைவிட ஆபத்து: 'இதே மாதிரி வேணும்' என்று 25,000 ரூபாயை வைத்துக்கொண்டு கேட்பார்.

ரிவ்யூ ஐந்துக்கும் குறைவாக இருந்தாலும் கை போன் பக்கம் போகாது. அது எப்படி வாங்குவது என்பது அறிகுறி 8இல்.

அறிகுறி 3: 'ரேட் எவ்வளவு?' என்று கேட்டார்கள், பதில் போட்டதும் ஆளைக் காணோம்

இந்தத் தொழிலில் அதிகப் பணம் ஒழுகும் இடம் இதுதான். இதை அடைக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

வழக்கமாக நடப்பது இப்படி. இரவு 9:40க்கு ஒரு மெசேஜ்: 'ஸ்டேஜ் டெக்கரேஷன் எவ்ளோ?' மறுநாள் காலை 11 மணிக்குப் பதில்: '15,000ல இருந்து 1,50,000 வரைக்கும் இருக்கு சார்.' கூடவே 46 படங்கள். கேட்டவர் பெண்ணின் தங்கையாகவோ சித்தி மகனாகவோ இருப்பார். அவர் வீட்டுக் குரூப்பில் எதை ஃபார்வர்ட் செய்வார்? நாற்பத்தாறு படத்தையுமா? அந்த விலையில் எதைச் சொல்வார்? அதற்குள் காலை 8 மணிக்கே வேறு ஒருவர் தெளிவாகப் பதில் போட்டிருப்பார்.

மாற்ற வேண்டியது, முதல் பதிலிலேயே தேதியும் மண்டபமும் கேட்பது. தேதி தெரியாமல் சொல்லும் விலைக்கு அர்த்தம் கிடையாது. அந்த நாளில் உங்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கலாம், அன்று பூ விலை எகிறும் பெரிய முகூர்த்தமாகவும் இருக்கலாம். ஆனால் 'முதலில் தேதி சொல்லுங்க' என்று மட்டும் கேட்டால் விலையை மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். இரண்டும் ஒரே பதிலில் இருக்கட்டும்:

'வணக்கம்ங்க. கல்யாணத் தேதியும் மண்டபமும் சொன்னீங்கன்னா அந்த மேடை அளவுக்கே சரியா சொல்லிடறேன். 24 அடி மேடைக்குப் பொதுவா: துணி பேக்டிராப், ஆர்டிபிஷியல் பூ 18,000. முன்பக்கம் மட்டும் ஒரிஜினல் பூ 30,000. முழுக்க ஒரிஜினல் பூ 55,000ல இருந்து. வண்டி, ஆள் கூலி, மேடை லைட் எல்லாம் இதுலயே அடக்கம். அந்த நாள் நமக்கு ஃப்ரீயான்னு இப்பவே பார்த்துச் சொல்றேன்.'

தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று விலைக்கு மேல் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு படம் அனுப்புங்கள். இந்தப் பதிலை வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாகச் சேமித்து வைத்தால் சாய்வுக் கோடும் இரண்டெழுத்தும் தட்டினால் வந்து நிற்கும். நிறைய சாட் சேர்ந்ததும் எது யார் என்று குழம்பாமல் இருக்க, லேபிள்களை 'புதியவர்', 'பணம் பாக்கி' என்று வைக்காமல் 'ஆவணி', 'ஐப்பசி', 'தை' என்று முகூர்த்த மாதமாக வையுங்கள். தை நெருங்கும்போது அந்த லேபிளைத் திறந்தால் இன்னும் முடிவு சொல்லாதவர்கள் வரிசையாக நிற்பார்கள்.

அடுத்த தடை 'வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்'. இது மறுப்பு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல நேரம் உண்மையிலேயே கேட்கத்தான் போகிறார். முடிவு அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ இருக்கிறது, அவர்கள் உங்களோடு பேசியதே இல்லை. ஆகவே அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி ஒரே ஒரு படத்தாள் தயார் செய்யுங்கள். மேலே கல்யாணத் தேதி, மண்டபத்தின் பெயர். நடுவில் தேர்ந்தெடுத்த மேடையின் படம். கீழே என்னென்ன அடக்கம், மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, உங்கள் எண். எழுத்துப் பெரிதாக, தமிழில். பிடிஎஃப் வேண்டாம், பெரியவர்கள் பலர் அதைத் திறக்கவே மாட்டார்கள். படமாக அனுப்பினால் குரூப்பில் அப்படியே தெரியும்.

பிறகு இரண்டாம் நாள் ஒரு மெசேஜ், ஐந்தாம் நாள் ஒரு போன். அதற்கு மேல் துரத்த வேண்டாம். அதே தேதிக்கு வேறு விசாரணை வந்தால் மட்டும், 'அந்த நாளுக்கு இன்னொருத்தர் கேக்கறாங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு' என்று சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள். ஊர் சின்னது.

விலை சொல்லும்போது இன்றைய பூ மார்க்கெட் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகை விலை தாவும், மார்கழிப் பனியில் வரத்தும் குறையும். அதனால் விலை ஏறினால் கூடுதல் என்று பார்ட்டியிடம் நிபந்தனை போடுவதைவிட, 'மல்லி கிடைக்காவிட்டால் சம்பங்கி' என்று மாற்றுப் பூவை முன்பே எழுதிக்கொள்வது சண்டையைத் தவிர்க்கும்.

அறிகுறி 4: முகூர்த்த நாட்களில் மிஸ்டு கால் குவிகிறது

வரவேற்பு நடக்கும் மாலை 6:30 முதல் 9:30 வரை, உங்கள் மேடையை நேரில் பார்த்தவர்கள் கூப்பிடுகிறார்கள். இதைவிட நல்ல விசாரணை உலகத்தில் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த மண்டபத்தில் ஏணி மேல் நிற்கிறீர்கள். மறுநாள் திரும்பக் கூப்பிட்டால், 'யாருங்க?' என்பார்கள்.

சீசன் நாட்களில் போனை வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மனைவியோ தம்பியோ, விலை பேச வேண்டியதில்லை. பெயர், தேதி, மண்டபம் மூன்றையும் எழுதிக்கொண்டு 'நாளைக்கு மதியம் கூப்பிடுவார்' என்று சொன்னால் போதும். அவர்களும் எடுக்க முடியாதபோது வாட்ஸ்அப் பிசினஸின் அவே மெசேஜ் (ஆள் இல்லாதபோது தானாகப் போகும் பதில்) அதே மூன்று விவரத்தைக் கேட்கட்டும்.

அந்த விசாரணையைக் கூட்டவும் ஒரு மலிவான வழி உண்டு. மேடையை மறைக்கும் பெரிய ஃபிளெக்ஸ் வேண்டாம், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மொய் எழுதும் மேசை ஓரத்தில் ஏ5 அளவு அக்ரிலிக் ஸ்டாண்டு ஒன்று, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. மண்டபத்தில் எல்லோரும் ஒரு நிமிடமாவது சும்மா நிற்கும் இடம் அது ஒன்றுதான். அதில் 'இந்த மேடை அலங்காரம்' என்று ஒரு வரி, உங்கள் பெயர், ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறந்து, 'கல்யாண மண்டபத்தில் உங்கள் மேடை பார்த்தேன்' என்ற வரி தானாக வந்து நிற்கும்படி செயலியிலேயே குறு இணைப்பில் அமைக்கலாம். யார் சொல்லி வந்தார் என்ற கட்டம் தானாக நிரம்பிவிடும்.

அறிகுறி 5: ரீல்ஸுக்கு வியூ ஏறுகிறது, ஆர்டர் ஏறவில்லை

பார்ப்பவர்கள் யார் என்று இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பக்கத்தில் ஊர் வாரியாகப் பாருங்கள். பெங்களூரும் ஹைதராபாத்தும் மேலே இருந்தால் அந்த வியூ உங்களுக்குச் சோறு போடாது. உங்களைப் பின்தொடர்பவர்களில் கணிசமானவர்கள் மற்ற ஊர் டெக்கரேட்டர்களாகவும் இருப்பார்கள். டிசைன் பார்க்க வருகிறார்கள்.

சரி செய்வது எளிது. வீடியோவின் முதல் இரண்டு நொடியில், எழுத்தாக, மண்டபத்தின் பெயரும் ஊரும் வரட்டும். லொக்கேஷன் டேகில் மண்டபத்தையே போடுங்கள். அந்த மண்டபத்தை புக் செய்த அடுத்த குடும்பம், 'நம்ம மேடை எப்படி இருக்கும்' என்று பார்க்கத்தான் அந்த டேகைத் தேடும். வெறும் மேடையில் இரும்பு ஃபிரேம் நிற்பதிலிருந்து விளக்கு எரிவது வரை 20 நொடியில் ஓட்டுவது, கடைசியில் விலையைச் சொல்வது, இவை வேலை செய்கின்றன. விலை சொன்னால் போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம் வீண்; அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

பூஸ்ட் செய்ய முடியவில்லை என்று வந்தால் பாட்டைப் பாருங்கள். சினிமாப் பாட்டு சேர்த்த ரீலை விளம்பரமாக ஓட்ட அனுமதி கிடைக்காது. அதே வீடியோவை இலவச இசையோடு மறுபடி ஏற்றி அதை பூஸ்ட் செய்யுங்கள்.

அறிகுறி 6: விளம்பரத்துக்குப் பணம் போகிறது, வருவதெல்லாம் 'ஹாய்'

பெரும்பாலும் மூன்று பிழைகள். பரப்பு: தமிழ்நாடு முழுவதும் என்று விட்டிருப்பீர்கள். ஊரின் மேல் பின் வைத்து 20 அல்லது 25 கிலோமீட்டர் சுற்றளவாக்குங்கள். வாசகம்: விலையும் ஊரும் இல்லாத விளம்பரத்துக்கு வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வருவார்கள். '18,000 முதல், திண்டுக்கல் சுற்றுவட்டாரம் மட்டும்' என்று எழுதினால் மெசேஜ் குறையும், குறைவது நல்லதுதான்.

மூன்றாவது பிழை காலம். முகூர்த்த மாதம் வந்தபிறகு விளம்பரம் போடுவது, அந்த மாதத்து வீடுகள் எல்லாம் முடிவெடுத்த பிறகு கடை திறப்பது. தை, மாசிக் கல்யாணங்களுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும், சித்திரை, வைகாசிக்குத் தையிலும், ஆவணிக்கு ஆனியிலும் ஆடியிலும் ஓட்டுங்கள். நாள் ஒன்றுக்கு 150 அல்லது 200 ரூபாய், ஏழு நாள், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. முடிந்ததும் நோட்டைப் பார்த்து மெசேஜுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காதீர்கள். தேதி சொன்ன மெசேஜுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 1,400 ரூபாய் போட்டு 40 மெசேஜ் வந்து, தேதி சொன்னவர் ஏழு பேர் என்றால் ஆளுக்கு 200 ரூபாய். அந்த ஏழில் ஒன்று படிந்தாலே போதும்.

தொடர் முகூர்த்தம் உள்ள வாரத்தில் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் காசு கொடுத்துக் கூப்பிட வைப்பானேன்.

கல்யாணச் சேவைப் பட்டியல் தளங்களில் பணம் கட்டிச் சேர்வது பற்றியும் கேட்பார்கள். ஒரே விசாரணை ஒரே சமயத்தில் பல பேருக்குப் போகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். போகிறது என்றால், ஐந்து நிமிடத்தில் கூப்பிட உங்களிடம் ஆள் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். இலவசமாகப் பெயர் பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவதுதான் அகலக்கால்.

மலிவு என்று யாரோ விற்ற எண் பட்டியலுக்கு மொத்தமாக மெசேஜ் தட்டிவிட்டால் இரண்டே நாளில் வாட்ஸ்அப் எண் முடங்கலாம். அந்த எண்தான் உங்கள் போர்டிலும் கார்டிலும் இருக்கிறது. ஒரே மெசேஜைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் வேலை முடித்த வீடுகளில், 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, ஸ்டேட்டஸ்ல புது டிசைன் போடுவேன்' என்று சொல்லிவிட்டு வருவது பயன் தரும்.

அறிகுறி 7: மண்டபக்காரர் வேறு ஆளைத்தான் சொல்கிறார்

கமிஷன்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மேனேஜரின் கவலைகளைப் பாருங்கள்: சுவரில் ஆணி, பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வரும் டேப், மேடையில் ஈரக் கறை, அளவு மீறிய மின் இணைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக முகூர்த்தம் முடிந்து மதியம் 2 மணியாகியும் கழற்றப்படாத ஃபிரேம். மாலை அடுத்த பார்ட்டி உள்ளே வரவேண்டும். நேரத்துக்குக் கழற்றி, பூக்குப்பையை மூட்டை கட்டி எடுத்துப்போகிற ஆளை அவர் தானாகவே அடுத்தவருக்குச் சொல்வார். ஆணி அடிக்காமல் தனியாக நிற்கும் ஃபிரேம்தான் உங்களுடையது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

உள்ளே நுழைய ஒரு வழி: முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் காலியாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கேளுங்கள். ஆர்டிபிஷியல் பூ பேக்டிராப் ஒன்றை மேடையில் நிறுத்தி நல்ல வெளிச்சத்தில் 15 படங்கள் எடுத்து, மண்டபத்தின் மேப் பக்கத்தில் போட்டுக்கொள்ள அவருக்கே கொடுத்துவிடுங்கள். பல மண்டபங்களின் பக்கத்தில் இருப்பது சாப்பாட்டுக்கூடத்தின் மங்கலான படமும் வாசலில் நிற்கும் பைக்கும்தான். உங்களுக்கு ஆன செலவு வண்டி வாடகையும் அரை நாள் கூலியும்.

கமிஷன் கேட்டால் கணக்குப் போட்டுப் பேசுங்கள். 35,000 ரூபாய் வேலை. பூ 11,000, கூலி 7,000, வண்டி 2,500, துணி, லைட் தேய்மானமும் வாடகையும் 3,500. மிச்சம் 11,000. இதில் 10% கமிஷன் என்றால் 3,500. கேட்கும்போது பத்தில் ஒன்று, கொடுக்கும்போது உங்கள் லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளாமல், ஆர்டருக்கு 1,000 அல்லது 1,500 என்று ஒரே தொகையாகப் பேசுங்கள். அதையும் அட்வான்ஸ் வந்த அன்று கொடுக்காமல் மீதிப் பணம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். வெளி டெக்கரேட்டரை விடவே மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும் மண்டபங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த மண்டபம் என்று விசாரணை வந்தால் நிச்சயதார்த்தத்துக்கும் வீட்டு வாசலுக்கும் மட்டும் பேசுங்கள்.

நிச்சயதார்த்தத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு ஹாலில் 8 அடி பேக்டிராப், இரண்டு நாற்காலி, தட்டு வரிசைக்குப் பின்னால் கொஞ்சம் பூ என்று 6,000 அல்லது 7,000 ரூபாய்க்கு முடிகிற வேலை. லாபம் ஒன்றும் பெரிதாக நிற்காது. ஆனால் இரண்டு குடும்பமும் ஒரே அறையில், கல்யாணத் தேதி கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வேலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் இருந்தால், நிச்சயதார்த்த விலையைக் கொஞ்சம் குறைக்க அதைப் பயன்படுத்துவதே நல்லது. கழற்றும்போது பெண்ணின் அப்பாவிடம் கல்யாண மேடைக்கான விலைப் படத்தாளைக் கொடுத்து, 'கல்யாணத்துக்கு நம்மகிட்ட எடுத்தா இந்தத் தொகையில 2,000 கழிச்சுக்கலாம்ங்க' என்று சொன்னால் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் சும்மா இருப்பது தனி நோய் போலத் தெரிந்தாலும் மருந்து இதேதான்: சின்ன வேலை. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள். ஒரு சின்ன வேனில் அடங்கி, இரண்டு பேர் ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தக்கூடிய செட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத் திருமணங்களும் நிக்காஹும் இந்த மாதக் கணக்கில் அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. தவக்காலம், ரமலான் போன்றவைதான் அங்கே இடைவெளி. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பார்கள் என்பதால், தேவாலயப் பணியில் இருக்கும் உபதேசியாரோடு பழக்கம் இருந்தால் யார் வீட்டில் கல்யாணம் என்பது முன்பே காதுக்கு வரும்.

அறிகுறி 8: வேலை நன்றாக முடிந்தது, யாரும் அடுத்தவருக்குச் சொல்லவில்லை, ரிவ்யூவும் போடவில்லை

தவறான ஆளிடம், தவறான நேரத்தில் கேட்டிருப்பீர்கள். கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்த இரண்டு வாரம் விருந்துச் சாப்பாடும் கோயிலும். கேட்க வேண்டியவர் கல்யாணத்தை ஓடியாடி நடத்திய ஆள்: தாய்மாமாவோ, அண்ணனோ, பெண்ணின் அக்கா வீட்டுக்காரரோ. உங்களுக்கு மீதிப் பணம் எண்ணிக் கொடுத்ததும் அவர்தான். உறவில் அடுத்த கல்யாணம் வரும்போது, 'மேடைக்கு யாரு?' என்று எல்லோரும் கேட்கப் போவதும் அவரிடம்தான்.

நேரம் மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள். முதலில் அவருக்கு மூன்று நல்ல படங்களை அனுப்புங்கள். போட்டோகிராபரின் ஆல்பம் வர மாதக்கணக்கில் ஆகும், ஆகவே உங்கள் படம்தான் உறவுக் குரூப்பில் சுற்றும். அரை மணி நேரம் கழித்து ரிவ்யூ இணைப்பு: 'மாமா, ஒரு சின்ன உதவி. இதைத் தொட்டு நாலு வார்த்தை எழுதினீங்கன்னா நம்ம தொழிலுக்கு ரொம்ப உதவியா இருக்கும். மண்டபம் பேரையும் சேர்த்து எழுதுங்க.' 'மாமா' என்பது அந்த இரண்டு நாளில் அவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அதைப் பொறுத்தது. 'அண்ணா' என்றோ 'சார்' என்றோ இருக்கலாம். ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பரிசோ தருவது கூகுள் விதிக்கு எதிரானது. தெரிந்தவர்களை வைத்து ஒரே நாளில் 20 போட்டால் அவை காணாமல் போகவும் வாய்ப்புண்டு.

அறிகுறி 9: ஒரே ஒரு கெட்ட ரிவ்யூ, அதிலிருந்து போன் குறைந்துவிட்டது

அழிக்க முடியுமா என்று அலைவதை விட, அடுத்த ஐந்து வேலைகளில் ரிவ்யூ வாங்கி அதைக் கீழே தள்ளுவது வேகமானது. ஆனால் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும், அதே நாளில், கோபம் ஆறிய பிறகு. அதைப் படிக்கப் போகிறவர் ரிவ்யூ போட்டவர் இல்லை. மண்டபம் புக் செய்துவிட்டு உங்களைப் பற்றி விசாரிக்கிற இன்னொரு அப்பா. 'மாலை 5 மணிக்கு முடிய வேண்டிய வேலை 6:15க்குத்தான் முடிந்தது, தவறு எங்களுடையது. முந்தின கல்யாணத்திலிருந்து வண்டி வரத் தாமதமானது. இப்போது ஒரே நாளில் இரண்டு வேலை இருந்தால் இரண்டு வண்டி வைத்துக்கொள்கிறோம். உங்களிடம் நேரில் பேச அழைக்கிறேன்.' பார்ட்டி கடைசி நேரத்தில் டிசைனை மாற்றியது, அட்வான்ஸ் தாமதமாகத் தந்தது எதையும் அங்கே எழுத வேண்டாம், உண்மையாகவே இருந்தாலும். எழுதி முடித்ததும், வீட்டில் வேறு ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு பதிவிடுங்கள்.